எந்த அறக் கோட்பாடு சரி? மதகடியில் நின்று ஒரு நீண்ட பதில்

மன்னார்குடிப் பக்கம் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது: பயன்வாதம், கான்ட், அரிஸ்டாட்டில் மூன்றையும் படித்துவிட்டேன், மூன்றிலும் ஓட்டை இருக்கிறது, அப்படியென்றால் சரி தப்பு என்பதே ஊருக்கு ஊர் மாறுகிற சமாச்சாரம்தானா, இல்லை இதில் ஏதாவது ஒன்றை நம்பிப் பிடித்துக்கொள்ளலாமா?

நான் தத்துவம் படித்து, கொஞ்ச காலம் பாடம் நடத்தி, இப்போது வெண்ணாற்றுப் பாசனத்தில் பத்து மா (மூன்று மா ஓர் ஏக்கர்) நிலத்தோடு உட்கார்ந்திருப்பவன். அதனால் உதாரணமெல்லாம் தண்ணீரும் நெல்லுமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால் மழை பொய்த்த ஒரு சம்பா. வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள், எங்களுக்கு ஆறு நாள், எங்களுக்குக் கீழே இருக்கிற ஊருக்கு ஆறு நாள். எங்கள் தெருவில் நாலு வீட்டுப் பயிர், சுமார் அறுபது மா, பொதியில், அதாவது கதிர் வெளிவரப்போகிற கட்டத்தில், நிற்கிறது. இன்னும் மூன்று நாள் காய்ந்தால் கதிர் மணி பிடிக்காமல் சாவியாகிவிடும், வைக்கோல்தான் மிஞ்சும். கீழூரில் தாமதமாக நேரடி விதைப்பு செய்திருந்தார்கள், அவர்கள் பயிர் அப்போதுதான் தூர் கட்டுகிறது, இரண்டு நாள் பொறுக்கும். முறையோ அவர்களுடையது. என் பெரியப்பாவும் இன்னும் இரண்டு பேரும் ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போய் மதகின் ஷட்டரை அரை அடி தூக்கிவிட்டு, விடிவதற்குள் இறக்கிவிட்டு வந்தார்கள். இரண்டு ராத்திரி. டார்ச் பிடித்துக்கொண்டு நின்றது நான்.

பயிர் பிழைத்தது. கீழூரிலும் பெரிய நஷ்டமில்லை, யாருக்கும் தெரியவுமில்லை. இப்போது சொல்லுங்கள், நாங்கள் செய்தது தப்பா?

பயன்வாதத்துக்கு அடித்தளம் போட்ட பெந்தம் வந்தால் கணக்குப் போடுவார். 1789இல் அவர் எழுதியதன் சாரம் அதுதான்: ஒரு செயலால் யார் யாருக்கு எவ்வளவு இன்பம், எவ்வளவு துன்பம், எவ்வளவு நிச்சயம், எவ்வளவு காலம் நீடிக்கும், எல்லாவற்றையும் கூட்டிக் கழி. இந்தக் கணக்கை ஈவிரக்கமில்லாத கணக்கு என்று திட்டுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்தக் கணக்கில் ஒவ்வொருவரும் ஒருவராகத்தான் எண்ணப்படுவார்கள், யாரும் ஒருவருக்கு மேல் இல்லை. பெந்தம் சொன்னதாக அவர் வழிவந்த மில் எடுத்துக்காட்டும் விதி அது. பண்ணையாரின் பசியும் பண்ணையாளின் பசியும் ஒரே எடை என்று நம்மூரில் சொல்லிப்பார்க்க எத்தனை நூற்றாண்டு ஆனது என்று யோசித்தால், அது சாதாரணப் பேச்சில்லை என்பது புரியும். சரி, எங்கள் கேஸில் கணக்கு எங்கள் பக்கம். அறுபது மா, மாவுக்கு எட்டு மூட்டை என்று வைத்துக்கொண்டாலும் கிட்டத்தட்ட ஐந்நூறு மூட்டை ஒரு பக்கம், இன்னொரு பக்கம் இரண்டு நாள் தாமதம்.

கான்ட் ஒத்துக்கொள்ள மாட்டார். 1785இல் அவர் வைத்த சோதனை எல்லோருக்கும் தெரியும், எந்தக் கொள்கையின்படி நடக்கிறாயோ அதையே எல்லோருக்கும் விதியாக்கினால் நிற்குமா என்று பார். ஆனால் இதைப் பாதிப் பேர் தவறாகப் புரிந்துகொண்டு, “எல்லோரும் அப்படிச் செய்தால் நாடு என்னாவது” என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அது திரும்பவும் விளைவுக் கணக்குதான். கான்ட் சொல்வது வேறு. மற்றவர்கள் முறையை மதிப்பதால்தான் நான் திருடுவதற்குக் கீழூரின் முறை என்று ஒன்று இருக்கிறது. எல்லோரும் ராத்திரியில் ஷட்டரைத் தூக்கினால் முறை என்பதே கிடையாது, திருட எதுவுமில்லை. நான் மற்ற எல்லோரும் ஒழுங்காக இருக்கவேண்டும், எனக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்கிறேன். தனக்கென்று விலக்கு கேட்பதுதான் கான்ட் பார்வையில் குற்றத்தின் வேர், நஷ்டம் வந்ததா இல்லையா என்பது அப்புறம்.

எனக்கு இந்த இடத்தில் உறுத்துவது ஷட்டரைத் தூக்கியதைவிட ராத்திரியில் தூக்கியது. கான்ட் 1795இல் எழுதிய நிரந்தர அமைதி பற்றிய கட்டுரையில் ஒரு விதி வைக்கிறார்: மற்றவர் உரிமையைத் தொடுகிற ஒரு செயலை வெளிப்படையாக அறிவித்துவிட்டுச் செய்ய முடியாது என்றால் அந்தச் செயல் அநியாயம். எதிர்முனையில் சிட்ஜ்விக். பயன்வாதிகளில் ரொம்ப நேர்மையானவர் என்று நான் மதிக்கிற ஆள், 1874இல் வந்த அவர் நூலில் ஒளிக்காமல் ஒத்துக்கொள்கிறார், வெளியே தெரிந்தால் தப்பாகிற ஒரு காரியம் ரகசியமாகச் செய்தால் சரியாகலாம் என்று. ஏனென்றால் வெளியே தெரிந்தால் நாலு பேர் அதையே பின்பற்றுவார்கள், முறை கெடும், கணக்கு மாறும். தெரியாவிட்டால் லாபம் மட்டும்தான். தர்க்கப்படி அவரை மடக்க முடியாது. ஆனால் இந்த வாதத்தை யார் பிடித்துக்கொள்வார்கள் என்று பாருங்கள். ஷட்டர் சாவி கையில் இருப்பவன்தான். பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலத் தத்துவவாதி இதை வெள்ளைக்கார கவர்னர் மாளிகைப் பயன்வாதம் என்று கிண்டலடித்தார், மேலே இருப்பவர்களுக்கு உண்மைக் கணக்கு, கீழே இருப்பவர்களுக்கு எளிய விதிகள். காலனி நாட்டுக்காரர்களான நமக்கு அந்தக் கிண்டல் சட்டென்று உறைக்கும்.

கான்ட்டிடமும் சங்கடம் உண்டு. கொலைகாரன் வாசலில் வந்து உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக்கூடாது என்று 1797இல் எழுதினார். இதை ஏற்கிற தமிழனை நான் பார்த்ததில்லை, நமக்குத்தான் குற்றமில்லாத நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்று சொல்லும் குறள் கையில் இருக்கிறதே. ஆனால் அதே திருக்குறள்தான், பெற்ற தாய் பசித்திருக்கப் பார்த்தாலும் சான்றோர் பழிக்கும் வேலையைச் செய்யாதே என்கிறது. ஒன்று விளைவைப் பார்க்கச் சொல்கிறது, இன்னொன்று விளைவு எவ்வளவு கொடியதானாலும் தாண்டாதே என்று கோடு போடுகிறது. மேடையில் பேசுகிறவர்கள் வசதிக்கு ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். ராஸ் என்ற தத்துவவாதி 1930இல் இதற்கு ஒரு வழி சொன்னார்: கடமைகள் பல, வாக்கைக் காப்பது, தீங்கு செய்யாதிருப்பது, உதவுவது, நன்றி, செய்த தவறைச் சரிக்கட்டுவது என்று. எல்லாமே உண்மையான கடமைகள், ஆனால் எதுவும் எல்லா இடத்திலும் முதலிடம் பெறாது, இடத்தைப் பார்த்து எடை போட வேண்டும். பார்க்க மழுப்பல் மாதிரி இருக்கும். இருந்தாலும் வாழ்க்கையில் பெரும்பாலானோர் உண்மையில் செய்வது இதுதான்.

அரிஸ்டாட்டில் வழிக்காரர்கள் கேள்வியையே மாற்றிவிடுவார்கள். எந்தச் செயல் சரி என்று கேட்காதே, எப்படிப்பட்ட ஆளாக நீ ஆகிக்கொண்டிருக்கிறாய் என்று கேள் என்பார்கள். 1958இல் எலிசபெத் ஆன்ஸ்கம் எழுதிய ஒரு கட்டுரைதான் இந்த வழியை நம் காலத்தில் திரும்ப உயிர்ப்பித்தது. மதகைப் பார்த்துக்கொள்கிற பழுத்த லஸ்கர் ஒருவர் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே மேலே எங்கே உடைப்பு என்று சொல்வார், சட்டப் புத்தகம் பார்த்துச் சொல்வதில்லை. அறத்திலும் அப்படி ஒரு கைப்பழக்கம் உண்டு என்பது உண்மை. ராத்திரி டார்ச் பிடித்த எனக்கு அடுத்த தடவை கை கொஞ்சம் குறைவாகத்தான் நடுங்கும், அதுவும் உண்மை.

ஆனால் எனக்கு இந்த வழியில் முழு நம்பிக்கை வராததற்குக் காரணம் இந்த மண்தான். நல்லவன் யார் என்பதை யார் சொல்வது? இங்கே பெரிய மனுஷன் என்றால் கோயிலுக்குக் கட்டளை வைத்தவர், பந்தி பந்தியாகச் சோறு போட்டவர், சொன்ன சொல் தவறாதவர். அவர் பண்ணையிலேயே சவுக்கடியும், சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கிற சாணிப்பாலும் தண்டனையாக இருந்தது. அவரைச் சுற்றியிருந்தவர்களுக்கு அவர் குணக்குன்று. கண்ணெதிரே இருப்பதைப் பார்க்கவிடாமல் ஊரே சேர்ந்து பழக்கிவிட முடியும், அப்போது பண்பு காப்பாற்றாது.

இங்கேதான் உங்கள் ‘ஊருக்கு ஊர் மாறுகிற சமாச்சாரம்’ வருகிறது. அதைக் கொஞ்சம் கறாராகவே பேசிவிடுகிறேன். சரி என்பது அந்தந்த ஊர், அந்தந்தக் கால வழக்கம் மட்டும்தான் என்றால், வழக்கத்தை எதிர்த்தவன் எப்போதுமே தப்பானவன் என்று ஆகிவிடும். தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952இல். அதற்கு முந்தின நாள் வரை சவுக்கு சரி, அடுத்த நாள் தப்பு என்றா சொல்வீர்கள்? 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையில் வைத்து எரித்தார்கள், கூலி உயர்வு கேட்ட தகராறின் முடிவு அது. கூலியை மிராசுதார் முடிவு செய்வார், ஆள் வாங்கிக்கொள்வான் என்பதுதான் அதுவரை வழக்கம். அப்படியென்றால் கேட்டவர்கள் தப்பா? இதற்கு ‘அவர்கள் பார்வையில் சரி, இவர்கள் பார்வையில் தப்பு’ என்று யாராவது என் முன்னால் சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுவேன். வழக்கம் மாறுகிறது என்பது வரலாறு. மாறுவதால் எது சரி என்ற கேள்வியே இல்லை என்று ஆகாது.

அடுத்தது மனுநீதிச் சோழன். டெல்டாக்காரன் அறம் பேசி அவனை விட்டால் திருவாரூர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், கோயிலை ஒட்டிக் கல்தேரே நிற்கிறது. கதை தெரியும்: இளவரசன் தேரில் கன்று அடிபட்டுச் சாகிறது, பசு மணியடிக்கிறது, ராஜா தன் ஒரே மகனைத் தேர்க்காலில் இடுகிறான். இதைக் கான்ட் மாதிரி என்று பலர் எழுதுகிறார்கள், சட்டம் எல்லோருக்கும் சமம், மகனுக்கு விலக்கில்லை என்பதால். யோசித்தால் பொருந்தாது. கான்ட் பார்வையில் விலங்குகளிடம் நமக்கு நேரடிக் கடமை கிடையாது, விலங்கிடம் கொடுமை பழகினால் மனுஷனிடமும் வரும் என்பதால் மட்டும் கூடாது என்றார். தவிர இளவரசன் வேண்டுமென்று ஏற்றவில்லை, விபத்துக்குக் கொலைத் தண்டனை கான்ட்டிடம் கிடைக்காது. பசுவின் கண்ணீரைக் கணக்கில் சேர்ப்பவர் பெந்தம்தான். அது சிந்திக்குமா, பேசுமா என்பது கேள்வியே இல்லை, அதற்கு வலிக்குமா என்பதுதான் கேள்வி என்று எழுதியவர். ஆனால் அவரும் மகனைக் கொல்லச் சொல்ல மாட்டார், செத்த கன்று வராது, துன்பம் இரண்டாகும், அவ்வளவுதான்.

அப்புறம் அந்த ராஜா யார் கட்சி? அவன் பசுவிடம் பதில் சொல்கிறான். உன் இழப்பு எதுவோ அதே இழப்பை நானும் ஏற்கிறேன் என்கிறான். செய்தது சரி என்று நான் சொல்லவில்லை, மகன் என்ன பாவம் செய்தான்? பெரியபுராணத்தில் ஓர் அமைச்சன் வருகிறான், தேரை இளவரசன் மேல் ஏற்று என்று ராஜா ஆணையிட, அதைச் செய்யாமல் விலகிப் போய்த் தன் உயிரை விடுகிறான். கல்தேரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவன் நினைவுதான் வரும், அவனுக்குத் தனியாகச் சிலை இருக்கிறதா என்று தேடியிருக்கிறேன். இருக்கட்டும். ஆனால் ராஜா கேட்டுக்கொண்ட கேள்வி, இழந்தவனிடம் நான் என்ன பதில் சொல்வேன் என்பது, எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது.

அந்தக் கேள்வியைத் தத்துவமாகச் செய்தவர்கள் கடந்த அறுபது வருஷத்துக்குள் வந்த இரண்டு பேர். ரால்ஸ் 1971இல் சொன்னது: நீ யாராகப் பிறப்பாய் என்று தெரியாத ஒரு திரைக்குப் பின்னால் நின்று விதி வகுத்தால் எந்த விதியை ஒத்துக்கொள்வாய்? வகுப்பில் இதைப் புரியவைக்க வெளிநாட்டுக்காரர்கள் படாதபாடு படுவார்கள். நமக்கு ஒரு வரி போதும், உன் நிலம் தண்ணீர் முதலில் வருகிற தலைமடையில் விழுமா கடைசியில் வருகிற கடைமடையில் விழுமா என்று தெரியாமல் முறை வகு. அவ்வளவுதான் ரால்ஸ். ஸ்கான்லன் 1998இல் இன்னும் கிட்டே வந்தார்: யாரும் நியாயமான காரணத்தோடு மறுக்க முடியாத விதிப்படிதான் நடக்கலாம். மொத்தக் கூட்டலில் லாபம் வருகிறது என்பது பதிலாகாது, நஷ்டப்படுகிற அந்த ஒரு ஆள் முகத்துக்கு நேரே சொல்லும்படியான காரணம் வேண்டும்.

இதை நம்மேலேயே போட்டுப் பார்த்தால் கொஞ்சம் கசக்கும். காவிரி வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதில் மையமான விஷயம், நதி எந்த மாநிலத்துக்கும் சொந்தமில்லை, பங்கு நியாயமாக இருக்க வேண்டும் என்பது. தமிழ்நாட்டுக்கு நடுவர் மன்றம் 2007இல் தந்த 419 டிஎம்சி 404.25 ஆனது, குறைந்த 14.75இல் நம்மிடம் நிலத்தடி நீர் இருக்கிறது என்று சொல்லி 10, பெங்களூர் குடிநீர் என்று சொல்லி 4.75 அந்தப் பக்கம் போனது. நமக்குக் கோபம், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் கர்நாடகாவிடம் பேசும்போது கடைமடைக்காரன் உரிமையைப் பற்றி முழங்குகிற நாம், நமக்குக் கீழே இருக்கிற வேதாரண்யத்துக்காரரிடமும் கோட்டூர்க்காரரிடமும் பேசும்போது நைசாகத் தலைமடைக்காரன் ஆகிவிடுகிறோம். பெரியப்பா அந்த வறட்சி வருஷம் காவிரிக்காக நடந்த மறியலில் கலந்துகொண்டவர். ஷட்டரைத் தூக்கியதும் அவர்தான்.

வெள்ளத்தையும் சொல்லிவிடுகிறேன், வறட்சியை மட்டும் பேசினால் டெல்டா பாதிதான். பிலிப்பா ஃபுட் 1967இல் கொடுத்த தண்டவாள உதாரணம் படித்திருப்பீர்கள், ஓடிவரும் வண்டி ஐந்து பேர் மேல் ஏறப்போகிறது, பக்கத்துத் தண்டவாளத்துக்குத் திருப்பினால் ஒருவர். நமக்கு அது முக்கொம்பு, காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற அணை. மேட்டூர் நிரம்பி வருகிற தண்ணீர் முழுவதையும் காவிரியிலும் வெண்ணாற்றிலும் விட்டால் டெல்டா முழுகும், அதனால் உபரியைக் கொள்ளிடத்தில் திருப்புகிறார்கள். 2022 ஆகஸ்டில் பெருவெள்ளம் வந்தபோது கொள்ளிடத்துக்கு நடுவே இருக்கிற திட்டுக் கிராமங்கள், நாதல்படுகை, முதலைமேடுதிட்டு, வெள்ளைமணல் எல்லாம் தண்ணீரில் நின்றன. திருப்பியது தப்பு என்று யாரும் சொல்வதில்லை, திட்டில் இருப்பவர்களே சொல்வதில்லை. ஆனால் ராத்திரி போய் எதிர்க்கரையை வெட்டிவிட்டு நம் ஊரைக் காப்பாற்றிக்கொள்வது? கணக்கு அதே கணக்காக இருக்கலாம், ஆனாலும் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வருகிற ஆபத்தை வேறு பக்கம் திருப்புவதும், இல்லாத ஆபத்தை ஒருவன் வீட்டுக்குள் உண்டாக்குவதும் ஒன்றில்லை என்பதுதான் ஃபுட் பிடிக்க முயன்ற வித்தியாசம்.

இன்னொன்று, புத்தகத்தில் வண்டியைத் திருப்பியதும் கதை முடிந்துவிடும். ஊரில் முடியாது. திருப்பியது சரியே என்றாலும் திட்டுக்காரர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அந்த நிவாரணத்தைத் தர்மம் மாதிரிப் பொட்டலம் கட்டிப் போட்டோ எடுத்துக் கொடுப்பது எனக்கு எரிச்சலாக வரும். நம் வயலும் நம் தெருவும் முழுகாமல் இருந்ததற்கான பாக்கி அது. சரியான காரியமும் பாக்கி வைக்கும் என்பதைப் பயன்வாதக் கணக்கில் எழுத இடமே கிடையாது, கூட்டல் போட்டதும் நோட்டை மூடிவிடுவார்கள்.

ஆக, எதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று கேட்டீர்கள். நான் செய்வதைச் சொல்கிறேன், இதையும் ஒரு தியரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முதலில் பெந்தம் மாதிரி கணக்குப் போடுவேன், போடாமல் அறம் பேசுகிறவனிடம் எனக்கு நம்பிக்கை இல்லை, ஐந்நூறு மூட்டை என்பது நாலு வீட்டுப் பிள்ளைகளின் ஒரு வருஷச் சோறும் ஃபீஸும். அப்புறம், இதை எனக்கு மட்டும் விலக்காகக் கேட்கிறேனா என்று கான்ட் பக்கம் ஒரு பார்வை. கடைசியாக, இதில் நஷ்டப்படுகிறவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து பகலில் சொல்ல முடியுமா என்று. மூன்றும் ஒரே பக்கம் காட்டினால் பிரச்சினையே இல்லை. மாறிக் காட்டினால் நான் பெரும்பாலும் மூன்றாவதன் பக்கம் சாய்வேன், ஆனால் உயிர்ச் சேதம் என்று வரும்போது கணக்கு ஜெயிக்கும் இடமும் உண்டு, அந்தக் கோடு எங்கே விழும் என்று கேட்டால் ராஸ் மாதிரி இடத்தைப் பார்த்துத்தான் சொல்வேன். கறாராக ஒரு பார்முலா எதிர்பார்த்திருந்தால் மன்னிக்கவும்.

இதையெல்லாம், பெயர்களை விட்டுவிட்டு, பெரியப்பாவிடம் ஒருநாள் சொன்னேன். கீழூர்க்காரர்களிடம் பகலிலேயே போய், எங்கள் பயிர் பொதியில் நிற்கிறது, இரண்டு நாள் கொடுங்கள், அடுத்த முறையில் மூன்று நாளாகத் திருப்பித் தருகிறோம் என்று கேட்டிருக்கலாமே என்றேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டுவிட்டு, “கேட்டா கொடுத்திருக்க மாட்டானுவோடா” என்றார். கொடுத்திருக்க மாட்டார்களோ என்னவோ. நாங்கள் கேட்கவில்லை.